மருதாசலண்ணன் லீவு கேட்ட நாள்

ஏனுங்க, உங்களுக்கு யாரைப் பத்தித் தெரியணும்? யாழினி அம்மிணியப் பத்தின்னா பேப்பர்ல வந்திருக்குது, டிவியில வந்திருக்குது, போயி அதையே பாத்துக்குங்க. மைக்கப் புடிச்சுட்டு வர்றவங்க எல்லாருமே அந்தப் புள்ளையத்தான் கேக்கறாங்க. ஒருத்தராவது மருதாசலண்ணன் யாருன்னு கேட்டிருப்பீங்களா? கேக்கலீல்ல. அப்ப சித்த உக்காருங்க. டீ சொல்றேன். குடிச்சுப்போட்டு, நான் சொல்றதையும் கேட்டுப்போட்டுத்தான் போகணும்.

நான் உஷாராணி. பொறந்தது அயோத்தியாப்பட்டணம், வாக்கப்பட்டது பரமத்தி வேலூரு. வந்த புதுசுல என்ற பேச்சக் கேட்டு இங்க எல்லாரும் சிரிப்பாங்க. இப்ப எங்கம்மா ஊட்டுக்குப் போனா அங்க சிரிக்கறாங்க. நாமக்கல் ரோட்டுலருந்து ஆலைக்குத் திரும்பற மொனையிலதான் எங்க மெஸ்ஸு. எங்க ஊட்டுக்காரரு தனசேகர் பரோட்டாக் கல்லுக்கு முன்னால நிப்பாரு. நான் எலை போடற எடத்துலயும் நிப்பேன், சண்டை வந்தா ரோட்டுலயும் நிப்பேன். வாய்க்கு வந்ததப் பேசிப்போடுவாள்னு எனக்கொரு பேரு உண்டு, அது பொய்யில்லீங்க.

மருதாசலண்ணன் லாரி டிரைவரு. நாமக்கல்ல முருகானந்தம் டிரான்ஸ்போர்ட்டுன்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அங்க மொதல் வண்டியிலருந்து ஓட்டறாரு. ஆளப் பாத்தா ஒண்ணும் இருக்காது. கட்டை மீசை, முன்மண்டையில முடி கொட்டிப்போச்சு, தொளதொளன்னு ஒரு காக்கிச் சட்டை, பாக்கெட்டுல கம்பெனி பேரு தச்சிருக்கும். எப்ப வந்தாலும் டிவிக்குக் கீழ இருக்கற பெஞ்சுலதான் உக்காருவாரு. ரசத்த ஒரு வாய் குடிச்சுட்டு, "ரசம் இன்னிக்கு சுமாருங்க்கா" அப்படீம்பாரு. பொறகு ரெண்டாவது டம்ளர் கேப்பாரு. இது என்னிக்கும் மாறுனதில்லை. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அந்த ரசத்த அவரு தலையில ஊத்தோணும்னு தோணும், ஆனா ரெண்டாவது டம்ளரும் ஊத்திட்டுத்தான் வருவேன்.

அரசியல்னா அந்த மனுசனுக்கு ஆகவே ஆகாதுங்க. டிவியில நாலு பேரு உக்காந்து கத்த ஆரம்பிச்சா போதும், "அந்தக் கெரகத்த மாத்துங்க்கா, சோறு எறங்க மாட்டேங்குது" அப்படீம்பாரு. "ஏனுங்ணா, நீங்க ஓட்டாவது போட்டிருக்கறீங்களா?"ன்னு ஒருக்கா கேட்டேன். "ஓட்டு அன்னிக்கெல்லாம் நான் ஒரிசாவுலதானுங்க இருப்பேன்"னாரு. லீவுங்கற வார்த்தையே அவரு வாயில வராது. அவங்கம்மா செத்த சேதி வந்தப்பகூட கைல இருந்த லோட எறக்கிப்போட்டுத்தான் ஊட்டுக்கு வந்தாரு. கேட்டா, "லோடு அடுத்தவங்க சொத்துங்க, அத நடுரோட்டுல போட்டுட்டு வரமுடியுமா?"ம்பாரு.

இப்ப வண்டி நெத்தியப் பத்திச் சொல்லோணும், இல்லீன்னா மீதி எதும் உங்களுக்கு வெளங்காது. எங்க பக்கத்துல லாரிக் கதவுல கம்பெனி பேரு இருக்கும். ஆனா கண்ணாடிக்கு மேல, நெத்தியில, ஓனர் பெத்த புள்ளை பேரத்தான் எழுதுவாங்க. பாடி கட்டி, பெயிண்டு காஞ்சு, பூசை போட்ட பொறகு கடைசியாத்தான் அந்தப் பேரு ஏறும். வண்டிய விக்கறப்பத்தான் அத அழிப்பாங்க. வாங்கறவன் அவன் புள்ளை பேர எழுதிக்குவான். நடுவுல அழிச்சா புள்ளைக்கு ஏதோ ஆகிப்போச்சுன்னு அர்த்தம். அதனால அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டாங்க.

முருகானந்தம் ஓனர் ஒரு காலத்துல டிரைவர்தான். மக பொறந்த வருசம் மொதல் லாரி வாங்கி, நெத்தியில "யாழினி"ன்னு எழுதுனாரு. அந்த லாரிய ஓட்டுனது மருதாசலண்ணன். ஆஸ்பத்திரியிலருந்து தாயையும் புள்ளையையும் ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே அந்தப் புது வண்டியிலதான். அப்பறம் ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு பத்தாச்சு, இப்ப யார்டு கொள்ளாம நிக்குது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல பங்களா, ஊட்டு முன்னால ரெண்டு காரு. எல்லா லாரி நெத்தியிலயும் அதே யாழினிதான். ஒரே மக, மொத்த சொத்துக்கும் அவதான். எங்க ரோட்டுல அதுகளுக்கு முருகானந்தம் வண்டின்னு பேரே கெடையாது, யாழினி வண்டின்னுதான் சொல்லுவாங்க.

அந்தப் புள்ள மெட்ராசுல வக்கீலுக்குப் படிச்சுட்டு வந்துச்சு. அப்பன் நாற்காலியில உக்காந்து கம்பெனியப் பாக்கும்னு எல்லாரும் நெனச்சோம். அது என்னடான்னா, எங்கூரு வாய்க்காலப் பாக்க வந்துச்சு. இந்த மொனையத் தாண்டி ஒரு சாய ஆலை இருக்குது. பேரு எதுக்குங்க, விடுங்க. அவங்க உடற கழிவு வாய்க்கால்ல கலந்து, ஒரு நாளைக்குத் தண்ணி ஊதாவா வரும், ஒரு நாளைக்குச் செவப்பா வரும். வெத்தலைக் கொடிக்குத் தண்ணி சித்த கெட்டாலே தாங்காது. வேர் அழுகி, எலை மஞ்சளா போயி, கொடிக்கால் கொடிக்காலா செத்துச்சு. இந்தப் புள்ள குழு ஒண்ண ஆரம்பிச்சுப்போட்டு, ஊர் ஊரா மேடை ஏறிப் பேசுச்சு. எந்தக் கட்சியிலயும் சேராம, வர்ற உள்ளாட்சித் தேர்தல்ல நிப்பேன்னும் சொல்லுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "பணக்கார ஊட்டுப் புள்ளைக்குப் பொழுது போகலீயாட்ட இருக்குது"ன்னேன். நான் கல்லாவுல நின்னு சொன்னது மெஸ்ஸு பூராக் கேட்டுச்சு. மருதாசலண்ணன் மட்டும் தலை நிமிந்து பாத்துட்டு, மறுபடி சோத்தப் பெசஞ்சாரு.

ஏன்னா இதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. முருகானந்தம் கம்பெனிக்குப் பாதி லோடு அந்த ஆலையிலருந்துதான். துணி மூட்டை ஏத்தி தூத்துக்குடி ஆர்பருக்கும் பம்பாய்க்கும் அந்த யாழினி வண்டிகதான் போயிட்டிருந்துச்சு. அப்பன் கம்பெனி ஆலைக்கு லோடு ஓட்டுது, மக அந்த ஆலைய மூடுன்னு மைக்குல கத்துது. எத்தனை நாளைக்கு ஓடும்?

ஒரு நாள் காலையில இட்லிக் கூட்டம் இன்னும் ஓயல, எங்க மெஸ்ஸுக்கு முன்னால யாழினி வண்டிக வரிசையா வந்து நிக்குது. டிரைவருக எல்லாம் கடுகடுன்னு எறங்குனாங்க. ஆலைக் கேட்டுல உடமாட்டேன்னுட்டாங்களாம். பின்னாலயே கார்ல ஆலை மேனேஜர் மணிமாறன் வந்தாரு. மரியாதையாத்தான் பேசுவாரு அவரு, ஆனா அந்த மரியாதைக்குள்ளயே மெரட்டல் இருக்கும்.

"உங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்லைப்பா. எங்க ஆலைய இழுத்து மூடச் சொல்ற பொண்ணு பேரை நெத்தியில ஒட்டிக்கிட்டு ஒரு வண்டி எங்க கேட்டுக்குள்ள வரக்கூடாது, அவ்வளவுதான். ஒண்ணு அந்தப் பொண்ணு நிறுத்தணும். இல்லைன்னா உங்க வண்டி நிக்கணும். ஓனர்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஓனர் மகள நிறுத்தச் சொல்லிப் பாத்தாரு. அது நிக்காதுன்னு தெரிஞ்சதும் பேப்பர்ல ஒரு அறிவிப்புக் குடுத்தாரு. நான் அத வெட்டி வெச்சிருந்தேன், பரோட்டா மாவு பட்டுப் போச்சு. எம்மகள் யாழினியின் பொதுக் காரியங்களும் அரசியல் கருத்துகளும் அவருடைய சொந்த விஷயம், அதற்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அப்படீன்னு இருந்துச்சு. மணிமாறன் அதப் படிச்சுட்டு, "பேப்பர்ல இல்லை, சரி. நெத்தியில இருக்குதே?"ன்னு கேட்டுட்டாரு.

வண்டிக எங்க வாசல்லயே நின்னுச்சு, அங்கயே நாமக்கல்லருந்து பெயிண்டர வரச்சொன்னாங்க. வந்தவன் பேரப் பாத்துட்டு, "உசுரோட இருக்கற புள்ள பேர நான் அழிக்க மாட்டேனுங்க"ன்னுட்டு அடுத்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிட்டான். ஓனர் எங்க மெஸ்ஸு வாசல்ல நின்னு வாழைத்தோப்பையே பாத்துட்டிருந்தாரு. பாவம், அத்தனை வண்டி வெச்சிருக்கற மனுசன், கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னாரு.

அப்பத்தானுங்க ஸ்கூட்டர்ல அந்தப் புள்ள வந்துச்சு. பையில உப்புத்தாளு, தின்னர் டப்பா, சொரண்டற தகடு. ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கேக்கல. மருதாசலண்ணன் வண்டி பம்பர்மேல ஏறி நின்னு தன் பேரத் தானே சொரண்ட ஆரம்பிச்சுது.

"எறங்கு அம்மிணி"ன்னு ஓடுனாரு மருதாசலண்ணன். "எறங்கு சாமி, வேண்டாம். ஆகாது."

"மாமா, நான் பேசறதை நிறுத்த மாட்டேன். அதனால பேரு போகட்டும். என்ற பேச்சு வேற, அப்பா கம்பெனி வேற. என்ற பேச்சுனால உங்க சோறு போகக்கூடாது." சொல்லிட்டே சொரண்டுது. பெயிண்டு செதில் செதிலா உதுந்து அது மூஞ்சியெல்லாம் ஒட்டுது. ஒவ்வொரு வண்டியா ஏறி எறங்குச்சு. முடிக்கறப்ப வெரல்ல ரத்தம். பொறகு டிரைவருக எல்லாரையும் பாத்து, "நீங்க ஒருத்தரும் போராட்டத்துக்கு வரவேண்டாங்க. உங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிம்மதியா வண்டி ஓட்டுங்க"ன்னுச்சு.

அடங்கொன்னியா! பொழுது போகாத புள்ளைன்னு சொன்ன வாய நானே அடிச்சுக்கலாம்னு இருந்துச்சுங்க. சொத்துக்காரி, நெனச்சிருந்தா வேற ஊருக்குப் போயி நிம்மதியா இருந்திருக்கலாம். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. டிரைவருக எல்லாரும் கும்புட்டுட்டு வண்டிய எடுத்தாங்க, ஆலைக் கேட்டும் தொறந்துச்சு. மருதாசலண்ணன் மட்டும் உள்ள வந்து உக்காந்து, பாதிச் சோத்துலயே எலைய மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சாரு. ரசம் அப்படியே இருந்துச்சு, சுமாருன்னுகூடச் சொல்லல.

எனக்கு அப்ப வெளங்கல. அந்தப் புள்ள பேரு போன வெசனம்னு நெனச்சுட்டேன்.

வெளங்குனது அதுக்கு அடுத்த வாரம். அன்புச்செல்வின்னு ஒரு அம்மா எங்க மெஸ்ஸுக்கு வெத்தலை போடுவாங்க. மருதாசலண்ணன் சம்சாரந்தான். குத்தகைக்கு ஒரு துண்டு கொடிக்கால் வெச்சிருந்தாங்க. அன்னிக்கு வந்து கட்டப் பிரிச்சா, எலையெல்லாம் மஞ்சப் புள்ளி. "இதுதாங்க கடைசி. இனி போட முடியாது"ன்னாங்க. மருதாசலண்ணன் பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தாரு.

"ஏனுங்க, ஆலை மொனையில மறியல் பண்றாங்களாம். நான் போறேன்"னாங்க அந்தம்மா.

"போ புள்ள."

"நீங்க?"

"எங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு அம்மிணியே சொல்லிருச்சில்ல."

அந்தம்மா சத்தமே போடலீங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. "லோடு இல்லாத நாளெல்லாம் கொடி எடுத்துக் கட்டுனது யாரு, பக்கத்து ஊட்டுக்காரனா? அதக் கொன்ன ஆலைத் துணியத்தான் ஏத்திட்டுப் போறீங்க. இதுல உங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு அந்தப் புள்ளைக்கு யாரு சொன்னது?"

எனக்கு சுருக்குனு இருந்துச்சு. அந்தப் புள்ள நல்லது நெனச்சுத்தான் சொல்லுச்சு, நாங்களும் கும்புட்டோம். ஆனா டிரைவருக்கும் ஒரு ஊரு இருக்குது, ஒரு வாய்க்கால் இருக்குது, ஒரு கொடிக்கால் இருக்குதுன்னு எங்க ஒருத்தருக்கும் தோணலியே. என் கல்லாவுக்கு முன்னாலயே உக்காந்து இத்தனை வருசமா ரசம் குடிச்ச மனுசன். எனக்கே தோணலியே!

மறியல் அன்னிக்கு நல்ல வெயிலு. மொனைய அடைச்சுட்டு சனம் உக்காந்திருச்சு. முன்வரிசையில யாழினி. கடைசி வரிசையில, எங்க வாசலுக்கு நேரா, அன்புச்செல்வியம்மா முந்தானையத் தலைக்குப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. போலீசு ஓரமா நின்னுச்சு. ஆலைக்குள்ளருந்து லோடு ஏத்துன வண்டிக வெளிய வந்துச்சு. மொதல் வண்டி மருதாசலண்ணனது. நெத்தியில ஒண்ணுமில்ல, சொரண்டுன தடம் மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுது. பின்னால கார்லருந்து மணிமாறன் எறங்கி வந்து, கதவத் தட்டுனாரு.

"கப்பல் காத்துக்கிட்டு இருக்குது. மெதுவா உருட்டுங்க, தானா எந்திரிச்சுருவாங்க. உங்க ஓனருக்கும் இவங்களுக்கும்தான் சம்பந்தம் இல்லையே."

மருதாசலண்ணன் கண்ணாடி வழியா ரோட்டப் பாத்தாரு. முன்னால அவரு தூக்கி வளத்த புள்ள, பின்னால அவரு பொண்டாட்டி. வண்டி ஒரு அடி நகுந்துச்சு. "அண்ணா!"ன்னு நான் கத்தீட்டேன். அவரு ஸ்டியரிங்க இடது பக்கமா ஒடிச்சாரு, வண்டி நேரா எங்க மெஸ்ஸு காலி எடத்துக்குள்ள திரும்பிருச்சு. புளியமரத்து நெழல்ல ஒழுங்கா நிறுத்தி, பிரேக்கப் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வெச்சாரு. தார்ப்பாய் கயிறு சரியா இருக்குதான்னு சுத்தி வந்து பாத்தாரு. லோடு அடுத்தவங்க சொத்தில்லீங்களா.

பொறகு போனெடுத்து நாமக்கல் ஆபீசுக்குப் பேசுனாரு. நான் பக்கத்துலயே நின்னேன்.

"மருதாசலம் பேசறனுங்க. எனக்கு இந்த நிமிசத்துலருந்து லீவு வேணுங்க. பொழுதெறங்கற வரைக்கும்."

அந்தப் பக்கம் என்னமோ கேட்டாங்க.

"சொந்த வேலைங்க."

அவ்வளவுதான் சொன்னாரு. போன வெச்சுட்டு, காக்கிச் சட்டையக் கழட்டுனாரு. இஸ்திரி போடறவங்களாட்ட நாலா மடிச்சு, அதுமேல வண்டிச் சாவிய வெச்சு, கொண்டாந்து என்ற கல்லாமேல வெச்சாரு. "இது ரெண்டும் கம்பெனியோடதுங்க்கா. ஓனர் வந்தாக் குடுத்துருங்க."

"அண்ணா, வேலை போயிருமுங்க"ன்னேன். அந்த வயசுல அவரை எவன் வண்டி ஏத்துவான்? ஆலைக்காரன் ஒரு போன் போட்டா நாமக்கல்ல எந்த ஓனரும் சேத்திக்க மாட்டான். கொடிக்கால் போச்சு, சோத்துக்கு இருந்தது இந்தச் சாவி ஒண்ணுதான்.

"தெரியுங்க்கா"ன்னாரு. ரெண்டடி போயிட்டுத் திரும்பி, "இன்னிக்கு வேணா டிவியில நியூஸ் வெச்சுக்குங்க"ன்னு சிரிச்சாரு.

ஓட்டை பனியனோட அந்த மனுசன் ரோட்டத் தாண்டிப் போனாருங்க. முன்னால போயி உக்காரல. கடைசி வரிசையில, பொண்டாட்டி பக்கத்துல நின்னாரு. அந்தம்மா சித்த தள்ளி எடம் உட்டாங்க, தண்ணி பாட்டில நீட்டுனாங்க. சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. அவ்வளவுதான் நடந்துச்சு. ஆனா எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. எங்க ஊட்டுக்காரரு மாவுக் கையோட அப்படியே நின்னுட்டாரு, கல்லுல பரோட்டா கருகிப்போச்சு. பின்னால வந்த வண்டிக்காரங்க ஆரன் அடிச்சாங்க, "ஓய், உனக்குப் பைத்தியமா"ன்னு கத்துனாங்க. அவரு திரும்பிப் பாக்கல. நான் அவங்களப் பாத்துக் கத்துன கத்துக்கு ஆரன் சத்தம் நின்னுச்சு.

பொழுது சாஞ்சு, தாசில்தாரு வந்து தண்ணியப் பரிசோதனை பண்றோம்னு சொன்ன பொறகு சனம் எந்திரிச்சுது. அந்தப் புள்ள ஓடி வந்துச்சு. அழுதுட்டே, "மாமா, வரவேண்டாம்னு சொன்னேனே! எதுக்கு மாமா வந்தீங்க? உங்க வேலைய நான் எப்படிக் காப்பாத்துவேன்?"ன்னுச்சு.

மருதாசலண்ணன் இடுப்புத் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு, நிதானமாத்தான் சொன்னாரு. "அம்மிணி, உன்ற பேரு வண்டியில இருந்துச்சு. நீ அதச் சொரண்டிப்போட்டு வந்து உக்காந்துட்ட. என்ற பேரு எந்த வண்டியிலயும் இல்ல சாமி. நான் எதச் சொரண்டறது? சட்டையத்தான் கழட்ட முடிஞ்சுது."

அந்தப் புள்ள கண்ணத் தொடச்சுட்டு அவரு கையப் புடிச்சுக்குச்சு.

அடுத்த நாள் மத்தியானம் அவரு வந்தாரு. கோயிலுக்குப் போடற வெள்ளைச் சட்டையில, அதே பெஞ்சுல உக்காந்தாரு. நான் எலை போட்டேன். காக்கிச் சட்டையும் சாவியும் கல்லாமேலதான் இருந்துச்சு. ஓனர் கார் வந்து நின்னுச்சு. அவரு எறங்கி உள்ள வர்றதுக்குள்ள மணிமாறன் காரும் வந்துருச்சு.

"முருகானந்தம் சார், ஒரே வார்த்தை. இவரை அனுப்பிடுங்க. இன்னிக்கே வண்டியெல்லாம் லோடு ஏத்திக்கட்டும்."

ஓனர் சட்டையையும் சாவியையும் கைல எடுத்தாரு. சாவி கலகலன்னு சத்தம் போட்டுச்சு. பாதி லோடு அந்த ஆலையோடது. வண்டிக்கெல்லாம் பேங்குல தவணை நிக்குது. எனக்குச் சோத்துக் கரண்டி கைலயே நின்னுபோச்சு.

"அவரு நேத்து லீவுங்க"ன்னாரு ஓனர்.

"லீவா?"

"சொந்த வேலைன்னு சொல்லி லீவு போட்டிருக்கறாரு. லீவுல எங்க போனாருன்னு நான் கேக்கறதில்லைங்க. நான் பேப்பர்ல போட்டதப் படிச்சீங்கல்ல? அது சொந்த விசயம், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை."

மணிமாறன் சிரிச்சாரு. "அது உங்க பொண்ணுக்குப் போட்டது சார். இவன் உங்க டிரைவர்."

ஓனர் மூஞ்சி செவந்துருச்சு. "ஏனுங்க, அப்ப என்ற பொண்ணுக்கு மட்டுந்தான் சொந்தமா ஒரு விசயம் இருக்கோணுமா? அவருக்கு இருக்கக்கூடாதா?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

"ராத்திரி பூரா யோசிச்சுட்டுத்தானுங்க வந்திருக்கறேன்."

மணிமாறன் கார் போனதும் ஓனர் நேரா வந்து, சட்டையையும் சாவியையும் மருதாசலண்ணன் எலைக்குப் பக்கத்துல வெச்சாரு. மருதாசலண்ணன் எந்திரிச்சுட்டாரு, கைல சோறு ஒட்டீட்டு இருக்குது.

"நேத்து மீதிப் பொழுதுக்குச் சம்பளம் புடிச்சுக்குங்க."

"புடிக்கத்தான் போறேன். புடிக்கலீன்னா நான் கூலி குடுத்து உங்கள அங்க உக்கார வெச்ச மாதிரி ஆயிரும். நீங்க உக்காந்தது உங்களுதாவே இருக்கட்டும்."

மருதாசலண்ணன் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. "ஆமாங்க. அது என்றதாவே இருக்கட்டும்"னாரு.

ஆலை லோடு நின்னுபோச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன். ஓனர் கொஞ்சம் வண்டிய வித்தாரு. மீதி இப்ப கோழித்தீவனம் ஏத்துது. வாய்க்கால் வழக்கு கோர்ட்டுல கெடக்குது, தண்ணி ஒரு நாளைக்குத் தெளிவா வருது, ஒரு நாளைக்கு வரமாட்டேங்குது. அன்புச்செல்வியம்மா அந்தத் துண்டுல கால்வாசியில மறுபடி கொடி நட்டிருக்கறாங்க, பொழைக்குமான்னு தெரியல. யாழினி பேர மறுபடி எழுதலாம்னு ஓனர் சொன்னதுக்கு அந்தப் புள்ள, "வேண்டாம்ப்பா, அது வேற, இது வேற"ன்னுருச்சு. ஆனா இப்ப டிரைவருக வந்து நின்னா, வரவேண்டாம்னு சொல்றதில்ல. "உங்க ஊட்டுத் தண்ணி எப்படி இருக்குதுங்க?"ன்னு கேக்குது.

சம்பளம் போட்ட அன்னிக்கு மருதாசலண்ணன் வந்தாரு பாருங்க. சம்பளச் சீட்டப் பிரிச்சு மொதல்ல எனக்குக் காட்டுனாரு, பொறகு எங்க ஊட்டுக்காரருக்கு, பொறகு சாப்பிட்டுட்டிருந்த முன்னப்பின்ன தெரியாத ஆளுகளுக்கெல்லாம். "பாருங்க, புடிச்சிருக்கறாரு. நான் போனதுக்குப் புடிச்சிருக்கறாரு"ன்னு மூஞ்சி பூராச் சிரிப்பு. சம்பளம் கொறஞ்சதக் காட்டி ஒரு மனுசன் அத்தனை சந்தோசப்பட்டு நான் பாத்ததேயில்லீங்க. எதுக்கும் சிரிக்கற எனக்கு அன்னிக்குச் சிரிப்பு வரல, கைதான் தானா குவிஞ்சுது. அப்பறம் உக்காந்து ரசம் சுமாருன்னாரு.

அதா, ஆரன் கேக்குதுங்களா? மொட்டை நெத்தியோட திரும்புது பாருங்க, அவரு வண்டிதான். அது உள்ள திரும்பறப்பெல்லாம் நான் கல்லாவுட்டு எந்திரிச்சு நிப்பேன். ஓனர் காருக்குக்கூட எந்திரிக்க மாட்ட, இதுக்கு எதுக்குடி எந்திரிக்கறன்னு எங்க ஊட்டுக்காரரு கேப்பாரு. காலு தானா எந்திரிக்குதுங்க, நான் என்ன பண்றது?